கடுமையான விதி போட்டால் தொழில் ஓடிவிடுமா? திருப்பூர் சாயப்பட்டறைகளை வைத்து ஒரு பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வருகிறது: சுற்றுச்சூழலும் காப்பாற்றப்பட வேண்டும், பொருளாதாரமும் வளர வேண்டும் என்று எல்லா அரசுகளும் பேசுகின்றன, இரண்டும் சேர்ந்து நடந்த இடம் ஒன்றாவது உண்டா? விதியை இறுக்கினால் தொழில் வேறு மாநிலத்துக்குப் போய்விடாதா? கடைசியில் போகிற போக்கில், உங்கள் ஊர்ப் பக்கம் சாய ஆலைகளோடு ஒரு ஜவுளிப் பூங்கா வரப்போகிறது, ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று படுகிறது. கொள்கை என்ன சொல்கிறது என்பதைவிட, அந்தக் கொள்கையின் செலவு யார் தலையில் விழும், அதில் உங்கள் தலையும் உண்டா என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நான் வேதிப்பொறியியல் படித்தவன். வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி சாயக்கழிவுச் சுத்திகரிப்பில்தான் போனது. அதனால் தண்ணீர், உப்பு, செலவுக் கணக்கு ஆகியவற்றை அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சட்டமும் பொருளாதாரமும் நான் படித்துத் தெரிந்துகொண்டவை. அந்த இடங்களில் ஒரு வழக்கறிஞர் என்னைத் திருத்தினால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். நம் நாட்டில் சட்டம் இல்லை என்ற குறை கிடையாது. 1974-ல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது, அதன்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் வந்தன. 1976-ல் அரசியலமைப்புச் சட்டத்தில் 48ஏ என்ற பிரிவைச் சேர்த்து, சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் கடமை என்றார்கள். போபாலுக்குப் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1989-ல் தமிழக அரசு, முக்கிய நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிகம் மாசுபடுத்தும் தொழில்கள் புதிதாக வரக்கூடாது என்று தனி அரசாணையே போட்டது. பிறகு 1996-ல் பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகள் என்று தீர்ப்பளித்தது. வளர்ச்சியும் சூழலும் ஒன்றுக்கொன்று எதிரி என்ற பழைய எண்ணம் இனி செல்லாது என்றும் அதில் இருக்கிறது. இத்தனையும் அமலில் இருந்த காலத்தில்தான் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆறு செத்தது. ஆகவே சட்டப் புத்தகத்தைப் புரட்டி உங்கள் கேள்விக்கு விடை தேடினால் கிடைக்காது.

திருப்பூரைப் பார்ப்போம். சாயப்பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது உப்பு மூட்டைதான், சாயமெல்லாம் அப்புறம். பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் தண்ணீரில் சொகுசாகக் கரைந்து கிடக்கும். தானாகத் துணிக்குப் போகாது. உப்பைக் கொட்டினால்தான் சாயம் நூலை நோக்கி நகரும். அதற்குப் பிறகு சோடா போட்டால் பிடித்துக்கொள்ளும். கறுப்பு, நேவி புளூ, மெரூன் மாதிரி அடர் நிறமென்றால் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு வேண்டும். இப்போதுள்ள சாஃப்ட்ஃப்ளோ இயந்திரத்தில் ஒரு கிலோ துணிக்கு ஆறு லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 400 கிராம் உப்பு அளவில் போகிறது. பழைய வின்ச் இயந்திரத்தில் ஒரு கிலோவுக்கு இருபது லிட்டர் தண்ணீர் பிடிப்பார்கள். அதற்கேற்ற உப்பைக் கணக்குப் போட்டால், ஒரு கிலோ துணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் உப்பு!

இந்த உப்பில் ஒரு கிராம்கூடத் துணியோடு போவதில்லை. எல்லாம் தண்ணீரோடு வெளியே வருகிறது. அலசல் தண்ணீரையும் சேர்த்தால் கிலோ துணிக்கு ஐம்பது, அறுபது லிட்டர் கழிவுநீர். லிட்டருக்கு ஆறாயிரம், ஏழாயிரம் மில்லிகிராம் கரைந்த உப்பு இருக்கும். டி.டி.எஸ். என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். வெளியே விடலாம் என்று வாரியம் வைத்திருக்கும் வரம்பு 2,100. நிறத்தைச் சுண்ணாம்பு போட்டு எடுத்துவிடலாம், நாற்றத்தையும் அழுக்கையும் நுண்ணுயிர்களை விட்டுத் தின்ன வைக்கலாம். உப்பை எந்தக் கிருமியும் தின்னாது. குழம்பில் உப்புக் கூடிப்போனால் தண்ணீர் ஊற்றி விளாவலாமே தவிர, போட்ட உப்பைத் திரும்ப எடுக்க முடியாது இல்லையா, அதே சிக்கல்தான்.

நொய்யலிலோ விளாவுவதற்குத் தண்ணீர் இல்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் சேரும் சின்ன ஆறு அது. திருப்பூர் மழை மறைவுப் பகுதி. ஆண்டு மழை 600 மில்லிமீட்டருக்குச் சற்று முன்பின். மழைக்காலம் போக மற்ற மாதங்களில் ஆற்றில் ஓடியதே சாயக்கழிவும் சாக்கடையும்தான். 2000-களில் நாளுக்கு எட்டு, ஒன்பது கோடி லிட்டர் அளவில் சாயக்கழிவு போனது. மேலே சொன்ன கணக்கோடு பெருக்கிப் பாருங்கள், ஒரு நாளைக்கு 500 டன் உப்பு. இது என் கைக்கணக்கு. பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் நூறு டன்னா ஐந்நூறு டன்னா என்ற அளவுக்குச் சந்தேகம் இல்லை.

அந்த உப்பு போய்ச் சேர்ந்த இடம் ஒரத்துப்பாளையம் அணை. சென்னிமலைக்குப் பக்கத்தில், பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் முடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவுத் தொட்டியாகிவிட்டது. அணையைத் திறந்து தண்ணீர் விடுங்கள் என்றுதான் விவசாயிகள் போராடுவார்கள். இங்கே பாசன விவசாயிகளே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று நீதிமன்றம் போனார்கள். அணையில் தேங்கியது நிலத்தில் இறங்கி, சுற்றியுள்ள கிணறுகள் உப்பாகின. கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் எடுத்துவைத்து மீட்டரைவிட்டுப் பார்த்தால், பட்டறைக் கழிவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாத கிணறுகள் இருந்தன. ஆடு மாடுகூட முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

வேலூர் தீர்ப்பின்படி அமைந்த சூழல் இழப்பீட்டு ஆணையம், 2004-ல் நொய்யல் பகுதியில் சுமார் 28,600 விவசாயிகளுக்கு மொத்தம் 25 கோடி ரூபாயை ஒட்டி இழப்பீடு என்று கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூட வரவில்லை. அந்தக் காலத்திலேயே திருப்பூர் ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடிக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. ‘மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கொள்கை, கையில் ரூபாயாக வந்து சேரும்போது எவ்வளவு இளைத்துப் போகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

அரசும் வாரியமும் சும்மா இருந்தன என்று சொல்லிவிட முடியாது. 90-களின் கடைசியில் நீதிமன்றம் முடுக்கியதில் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, தனியாகவும் பொதுவாகவும். ஆனால் அவற்றில் செய்தது என்ன? சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டு நிறத்தைப் படியவைத்தார்கள். வெளியே வந்த தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தது. உப்பு அப்படியே இருந்தது. போட்ட மருந்துகளால் கொஞ்சம் கூடவும் செய்தது. கட்டியாயிற்று, ஓடுகிறது, வாரியத்தின் இசைவாணையும் புதுப்பித்தாயிற்று என்று காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. விவசாயிக்கு நிறம் ஒரு பிரச்சினையே இல்லை, அவர் பயிரைக் கருக்கியது உப்பு. கண்ணுக்குத் தெரிவதை நீக்கிவிட்டு, தெரியாததை விட்டுவிட்ட கொள்கை அது. ஒரு பத்தாண்டு அதிலேயே போயிற்று.

அடுத்து 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், 2007 ஜூலை 31-க்குள் எல்லா ஆலைகளும் ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடாத நிலைக்கு வரவேண்டும் என்றது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம்: முதலில் 6 பைசா, பிறகு 8, பிறகு 10. நொய்யல் கதையில் நான் எப்போதும் ஆட்களை நிறுத்திவைத்துக் காட்டும் இடம் இதுதான். கழிவைச் சொட்டு வெளியேறாமல் சுத்திகரிக்க இன்று ஆகும் ஓட்டுச் செலவு லிட்டருக்கு 15 முதல் 25 பைசா வரை வரும், நிலையத்துக்கு நிலையம் மாறும். முதலீட்டுக்கான வட்டி தனி. அப்போதைய விலைவாசிக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும், அபராதத்தைவிடச் சுத்திகரிப்பு விலை அதிகம். தொழில் நடத்துகிறவன் என்ன செய்வான்? நல்லவன் கெட்டவன் என்ற பேச்சே வேண்டாம், கணக்குத் தெரிந்தவன் அபராதத்தைக் கட்டிவிட்டுத் தொழிலைப் பார்ப்பான். மாசு வரி, பசுமை வரி என்று எந்த அரசு எதைக் கொண்டுவந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, வரி பெரிதா, வரியைத் தவிர்க்கும் செலவு பெரிதா என்பது. வரி சிறியதாக இருந்தால் அது மாசுபடுத்த வாங்கும் உரிமச் சீட்டு ஆகிவிடும்.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2009 அக்டோபரில் அது உயர் நீதிமன்றத்தின் நிலையை உறுதிசெய்து மேலும் சில மாதக் கெடு கொடுத்தது. கெடு தாண்டியது. விவசாயிகள் அவமதிப்பு மனுவோடு திரும்பி வந்தார்கள். 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன. வடநாட்டுத் தொழிலாளர்கள் மூட்டை கட்டினார்கள். சாயம் போட வேண்டிய துணி லாரி ஏறி ஈரோட்டுக்கும் பெருந்துறைக்கும், இன்னும் தொலைவாக லூதியானா, அகமதாபாத் வரைக்கும் போனது. திருட்டுத்தனமாக நாமக்கல், சேலம், கரூர்ப் பக்கக் கிராமங்களில் தோட்டத்துக் கொட்டகைகளில் சாயத் தொட்டிகள் முளைத்தன. விதியை இறுக்கினால் தொழில் ஓடும் என்று நீங்கள் பயப்படுவது வீண்பயம் கிடையாது. ஓடியது. கூடவே மாசும் ஓடி, கண்காணிப்பே இல்லாத இடத்தில் போய் உட்கார்ந்தது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 2011-ல் மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. உப்பு நீரை முழுக்கக் காய்ச்சித்தான் தீரவேண்டும் என்றிருந்த நிலையை மாற்றி, நிறத்தை நீக்கிய உப்புநீரையே மறுபடி சாயத் தொட்டிக்கு அனுப்பும் முறையை அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் செய்து காட்டினார்கள். பட்டறைக்காரருக்கு உப்பு வாங்கும் செலவு குறைந்தது, நிலையத்துக்கு விறகுச் செலவு குறைந்தது. தண்ணீரில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் திரும்பக் கிடைத்தது. அது சாதாரண விஷயமில்லை. ஒரு காலத்தில் சுற்றுக் கிராமங்களின் கிணற்று நீரை லாரி லாரியாக விலைக்கு வாங்கி, பிறகு பவானியிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் காசுகொடுத்துக் கொண்டுவந்த ஊர் திருப்பூர். ஒன்றொன்றாக நிலையங்கள் திறந்தன. நிறையப் பட்டறைகள் திரும்பவே இல்லை, குறிப்பாகச் சின்னவை.

இப்போது கணக்கு. லிட்டருக்கு 20 பைசா, கிலோ துணிக்கு 55 லிட்டர் என்றால் 11 ரூபாய். ஒரு கிலோ துணியில் ஐந்தாறு டி-ஷர்ட் வரும். ஆக ஒரு சட்டைக்கு இரண்டு ரூபாய். முதலீட்டுச் செலவையும் சேர்த்து மூன்று ரூபாய் என்றே வையுங்கள். ஐரோப்பாவில் ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் சட்டைக்கு மூன்று ரூபாய். இதற்காகவா ஓர் ஆறு, ஓர் அணை, பல்லாயிரம் ஏக்கர் நிலம் என்று யாருக்கும் கோபம் வரும். வரவேண்டியதும்தான். ஆனால் அந்த மூன்று ரூபாயைக் கொடுக்க வேண்டிய ஆள் யார் என்று பாருங்கள். சாயப்பட்டறைக்காரர் ஜாப் ஒர்க் செய்கிறவர். துணி அவருடையதல்ல, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கூலியை முடிவு செய்வது பனியன் கம்பெனி, கம்பெனிக்கு விலை சொல்வது வெளிநாட்டு பையர். கிலோவுக்குப் பதினோரு ரூபாய் என்பது மொத்தச் சங்கிலிக்குத் தூசு. சங்கிலியில் விலை சொல்லும் வலு இல்லாத ஒரே கண்ணிக்கு அது லாபத்தையே விழுங்கக்கூடிய தொகை. விதி அந்தக் கண்ணியின் மேல்தான் விழுந்தது, ஏனென்றால் குழாய் அவர் வீட்டிலிருந்துதான் வெளியே வந்தது.

‘சமநிலை’ என்று அரசு சொல்லும்போது ஒரு தட்டில் மரமும் மற்றதில் தொழிற்சாலையும் இருப்பதுபோலப் படம் போடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. செலவு எப்போதும் இருக்கிறது. 2011-க்கு முன் அதை ஒரத்துப்பாளையத்து விவசாயி கொடுத்தார், பயிராகவும் கிணறாகவும். பின்பு அதைச் சாயப்பட்டறைக்காரர் கொடுத்தார், கொஞ்சம் அரசுக் கடனாகவும் போனது. சட்டையை வாங்கியவரிடம் அது கடைசிவரை முழுதாகப் போய்ச் சேரவில்லை. கொள்கை செய்தது இடம் மாற்றியது மட்டுமே. மாற்றிய இடம் முன்பிருந்ததைவிட நியாயமானது என்பதே என் கருத்து.

சரி, தொழில் செத்ததா? இதில் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்கிறேன். 2010-11-ல் திருப்பூரின் ஏற்றுமதி 12,000 கோடி ரூபாய்க்குப் பக்கம். 2024-25-ல் ஏறத்தாழ 40,000 கோடி. நாட்டின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இன்னும் அங்கிருந்துதான் போகிறது. கழிவே வெளியேறக்கூடாது என்ற விதி இருந்தும் தொழில் அழியவில்லை என்பது உறுதி. ஆனால் மேடையில் பேசுகிறவர்கள் ‘மூன்று மடங்குக்கு மேல் வளர்ந்தது’ என்று சொல்லும்போது, 2010-11-ல் டாலர் 45 ரூபாய், 2024-25-ல் 85-க்குப் பக்கம் என்பதை விட்டுவிடுகிறார்கள். டாலரில் பார்த்தால் இரு மடங்குகூட இல்லை. அதே காலத்தில் வங்கதேசம் எங்கோ போய்விட்டது. அதற்குச் சாயக்கழிவு விதிதான் காரணமா? அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. குறைந்த வளர்ச்சி நாடு என்ற முறையில் அந்த ஆண்டுகளில் ஐரோப்பாவில் வங்கதேசத்துக்கு வரியில்லாமல் நுழைய முடிந்தது, நமக்கு முடியவில்லை. கூலி வித்தியாசமும் இருக்கிறது. இவற்றையெல்லாம் கழித்துவிட்டுத் தண்ணீர் விதியின் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்பவரை நான் நம்பமாட்டேன், அவர் எந்தப் பக்கம் பேசினாலும் சரி. ‘விதியால்தான் திருப்பூர் பசுமை பிராண்டாகி வளர்ந்தது’ என்பதையும் அதே கணக்கில் வையுங்கள். சில பையர்கள் அதைக் கேட்டு வருகிறார்கள் என்பது உண்மை. அதற்காகக் கிலோவுக்குக் கூடுதல் விலை தருகிறார்களா என்று கேட்டால் பட்டறைக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

ஆறு சரியாகிவிட்டதா என்பது அடுத்த சந்தேகம். பெரிய பட்டறைகளிலிருந்து அன்று போன அந்த நாளுக்கு 500 டன் உப்பு நின்றது, அது பெரிய விஷயம். ஆனால் நொய்யல் இன்னும் நுரைக்கிறது. கோவை, திருப்பூர் இரு மாநகரங்களின் சாக்கடையும் அதில் கலக்கிறது. அனுமதியில்லாத பட்டன்-ஜிப் சாயப் பட்டறைகள், சலவைப் பட்டறைகள் சந்துக்குள் இருக்கின்றன. வாரியம் இடிக்கிறது, வேறு சந்தில் முளைக்கின்றன. மழை பெய்யும் இரவில் வாய்க்காலில் நிறம் வந்தால் யார் விட்டது என்று காலையில் கண்டுபிடிக்க முடியாது. நிலத்தடியில் இறங்கிய பழைய உப்பு நல்ல மழை வருடங்களில் கொஞ்சம் நீர்த்துப்போகும், அவ்வளவுதான். அதை வெளியே எடுக்க எந்தத் திட்டமும் கட்டுப்படியாகாது.

சொட்டு வெளியேறாத முறைக்கு இன்னொரு பக்கம் உண்டு, அதை ஆதரவாளர்கள் பேசுவதில்லை. உப்பு வெளியே போகவில்லை என்றால் எங்கே போனது? பெரும்பகுதி திரும்பச் சாயத்துக்குப் போகிறது. மிச்சம், திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு. பழுப்பும் சாம்பலுமாக, கையில் எடுத்தால் ஈரமாக ஒட்டும். மூட்டை மூட்டையாக நிலையத்துக் கொட்டகைகளில் அடுக்கிக் கிடக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து மூட்டை கசியும், தரை நசநசக்கும். படிவுச் சேற்றைச் சிமெண்ட் ஆலைகள் எரிக்க எடுத்துக்கொள்கின்றன. இந்த உப்பை எடுக்கமாட்டார்கள், குளோரைடு அவர்களுடைய சூளையைக் கெடுக்கும். ஆகவே ஆற்றில் கரைந்து ஓடிய பிரச்சினை இப்போது கூரைக்கடியில் கட்டியாக உட்கார்ந்திருக்கிறது. காய்ச்சும் கொதிகலன்களுக்கு விறகும் நிலக்கரியும் மின்சாரமும் வேண்டும், அந்தப் புகை வேறு. காற்றாலை மின்சாரத்தால் திருப்பூர் கார்பன் கணக்கில் முன்னிலையில் இருக்கிறது என்கிறார்கள். மின்சாரத்துக்கு அது பொருந்தும், விறகு எரிக்கும் கொதிகலனுக்குப் பொருந்தாது. அப்படியும், எனக்குத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கொட்டகையில் கிடக்கும் உப்பையே எடுப்பேன். பூட்டி வைத்திருப்பதை நாளை ஏதாவது செய்யலாம், கிணற்றில் இறங்கியதை ஒன்றும் செய்ய முடியாது.

தொழில் ஓடிவிடும் என்ற பயத்துக்கு உண்மையான மருந்து விதியைத் தளர்த்துவதில் இல்லை, எல்லா ஊருக்கும் ஒரே விதி வைப்பதில் இருந்தது. 2015-ல் மத்திய அரசு ஜவுளி ஆலைகளுக்கு நாடு முழுக்க இந்தச் சொட்டு வெளியேறாத விதியைக் கொண்டுவர வரைவு வெளியிட்டது. ஜவுளித் துறையின் எதிர்ப்பு பலமாக இருந்தது. 2016 அக்டோபரில் வந்த இறுதி விதியில் அது கட்டாயமாக இல்லை. சூழல் பாதிப்பு கடுமையான இடங்களில் வாரியம் விரும்பினால் கேட்கலாம் என்று சுருங்கிவிட்டது. விளைவு என்னவென்றால், திருப்பூர் பட்டறை கிலோவுக்குப் பதினோரு ரூபாய் கூடச் செலவழித்துக்கொண்டு, சுத்திகரித்த நீரை ஆற்றிலோ கடலிலோ விடலாம் என்றிருக்கும் ஊர்களோடு போட்டி போடுகிறது. லூதியானாவில் சாய ஆலைகளின் தண்ணீர் போகும் புத்தா நாலா என்ற ஓடையைப் பற்றிப் பஞ்சாபில் 2024-ல் நடந்த போராட்டத்தைப் படித்தால், நொய்யலின் பழைய செய்திகளைத் திரும்பப் படிப்பதுபோலவே இருக்கும். கடற்கரையில் உள்ள ஆலைக்கும் வறண்ட ஆற்றங்கரையில் உள்ள ஆலைக்கும் ஒரே விதி தேவையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பொறியாளனாக எனக்கும் அந்த வாதத்தில் நியாயம் தெரிகிறது: கடலில் உப்பு ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் கடலுக்குக் குழாய் என்று பேச ஆரம்பித்தால், உப்போடு சேர்த்துச் சாயமும் மருந்தும் போகும், மீனவர் அதைக் கண்காணிக்க முடியாது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இனி உங்கள் ஊர்ப் பூங்கா. மொட்டையாக ஆதரி, எதிர் என்று நான் சொல்லமாட்டேன்; இடத்தையே பார்க்காமல் சொல்வது தவறு. 2006-ம் ஆண்டின் சூழல் தாக்க அறிவிக்கையின்படி இப்படிப்பட்ட திட்டங்களுக்குப் பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம் உண்டு. மாவட்ட ஆட்சியர் அல்லது அவருக்கு அடுத்த நிலை அதிகாரி தலைமையில் நடக்கும். குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்பு வரவேண்டும், அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். பூங்காவுக்கு ஒருமுறை அனுமதி கிடைத்துவிட்டால், உள்ளே வரும் ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனிக் கூட்டம் பெரும்பாலும் நடக்காது. ஆகவே அந்த ஒரு கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். வேலைவாய்ப்பு எவ்வளவு, மரம் எத்தனை நடுவீர்கள் என்று கேட்டு நேரத்தைப் போக்க வேண்டாம், அதற்கு அவர்களிடம் அழகான பதில் இருக்கும். நாளுக்கு எத்தனை டன் உப்பு உள்ளே வரும், அது எந்த வடிவில் எங்கே போகும், கலப்பு உப்பை எத்தனை வருடத்துக்கு எந்த இடத்தில் வைப்பீர்கள் என்று கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையம் முழுத் திறனில் ஓடத் தொடங்குவதற்கு முன் ஆலைகளைத் திறக்கமாட்டோம் என்பதை அனுமதி நிபந்தனையில் எழுதச் சொல்லுங்கள். நிலையம் பழுதானால் ஆலைகள் எத்தனை மணி நேரத்தில் நிற்கும், கழிவைத் தேக்க எத்தனை நாளுக்குத் தொட்டி இருக்கிறது என்றும் கேளுங்கள். லிட்டருக்குச் சுத்திகரிப்புக் கட்டணம் என்ன என்று நிச்சயம் கேளுங்கள். 5, 6 பைசா என்று பதில் வந்தால் உப்பை எடுக்கும் எண்ணம் இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

கூட்டத்துக்கு முன் இன்னொன்று செய்யுங்கள். உங்கள் ஊர்க் கிணறுகள், ஆழ்துளைகள் எல்லாவற்றிலும் இப்போதே தண்ணீர் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் டி.டி.எஸ்., குளோரைடு, சல்பேட், கடினத்தன்மை பார்த்து, தேதியோடு சான்று வாங்கி வையுங்கள். கிராமசபையில் தீர்மானமாகப் பதிவு செய்தால் இன்னும் நல்லது. நொய்யல் விவசாயிகளிடம் சாயப்பட்டறைகள் பெருகும் முன் எடுத்த அளவு பெரிதாக எதுவும் இல்லை. ‘உங்கள் கிணறு முன்பே உப்புத்தான்’ என்று எதிர்த்தரப்பு வாதாடியபோது அவர்கள் திணறினார்கள். ஒரு மாதிரிக்கு ஆயிரம் ரூபாய், இரண்டாயிரம் ரூபாய் ஆகும். நான்கு பேர் சேர்ந்து போட்டுக்கொள்ளுங்கள், மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று எடுங்கள்.